கமன்ச்சாக்கா என்னும் இருள்

நாகர்கோவில்,
12.1.2025

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் சென்ற செவ்வாய்க்கிழமை வந்தது. மீனவர் சொற்களுக்காக நீ தொகுத்துவரும் அகராதி ‘ப’ வரிசையை எட்டிவிட்டது என்று படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது. இங்கே நலம். இடக்கண்ணில் செய்த புரை அறுவை நன்றாக ஆறிவிட்டது. ஏழெட்டு மாதங்களுக்குப் பிறகு நேற்றுத்தான் மறுபடியும் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் எனக்குள் எழுந்த எண்ணங்களும் உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீ கேட்டிருந்த கேள்வியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருந்ததால், தாமதிக்காமல் பதில் எழுதுகிறேன்.

சிலி நாட்டுக் கடலின் அடியாழத்தில் புதிய உயிரினம் ஒன்றைக் கண்டுபிடித்ததாகச் செய்தித்தாளில் படித்தாய். நான்கு சென்டிமீட்டர்கூட இல்லாத, மனிதர் யாரும் போய்ப் பார்க்கப்போகாத ஓர் உயிருக்குப் பெயர் வைப்பதால் யாருக்கு என்ன ஆகிறது என்று கேட்டிருக்கிறாய். சொற்களைத் தேடிக் கடற்கரை ஊர்களில் நாற்பது ஆண்டுகளாக நடந்தவன் நீ. அதனால் இந்தக் கேள்வியை நீ அலட்சியமாகக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

நீ படித்த உயிரின் பெயர் டல்சிபெல்லா கமன்ச்சாக்கா. சிலிக்கும் பெருவுக்கும் மேற்கே, நாஸ்கா நிலத்தட்டு தென் அமெரிக்க நிலத்தட்டின் அடியில் அமிழும் இடத்தில், கரைக்கு இணையாக நீண்டு கிடக்கிறது அட்டகாமா அகழி. அங்கே 7,902 மீட்டர் ஆழத்திலிருந்து 2023-ஆம் ஆண்டில் இந்த உயிரி நான்கே நான்கு கிடைத்தது. உன் மீனவர்கள் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 4,300 பாகம். அங்கே வெயில் எட்டாது. நீர் உறைநிலைக்குச் சற்றே மேலான குளிரில் இருக்கும். நீரின் அழுத்தம் நாம் கரையில் சுமக்கும் காற்றழுத்தத்தைப்போல் எண்ணூறு மடங்கு, அதாவது கட்டைவிரல் நகம் அளவுள்ள இடத்தின்மேல் ஏறத்தாழ எண்ணூறு கிலோ. ‘அபாத்தே மொலினா’ என்ற சிலி நாட்டு ஆய்வுக் கப்பலிலிருந்து, கயிறு எதுவும் கட்டாமல், இரை வைத்த பொறிகளுடன் ஒரு சட்டகத்தைக் கடலில் இறக்கினார்கள். இத்தகைய சட்டகம் எடைக்கல்லின் பாரத்தால் தானே அமிழ்ந்து அடித்தரையில் நிற்கும். வேலை முடிந்ததும் எடையை அங்கேயே விட்டுவிட்டு, மிதவைகளின் பலத்தால் தானே மேலே வரும். அப்படி மேலே வந்த உயிரிகளை உறையவைத்துக் கன்செப்சியோன் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசென்றார்கள். அங்குள்ள ஆய்வாளர்களும் அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜொஹானா வெஸ்டனும் சேர்ந்து எழுதிய விவரிப்பு 2024 நவம்பரில் வெளியாயிற்று.

இது இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு. ஆம்பிபாட் என்ற வரிசையைச் சேர்ந்தது. உனக்கு இந்த வரிசை புதிதல்ல. மண்டபம் கரையில் ஒதுங்கி மக்கிக்கிடந்த கடற்பாசியை நான் காலால் புரட்டியபோது சுண்டிவிட்டதுபோலத் துள்ளிச் சிதறிய சிறுபூச்சிகளைப் பார்த்து, ‘இதென்ன, கடல் தெள்ளுப்பூச்சியா?’ என்று நீ கேட்டாயே, அவை இந்த வரிசைதான். இறாலுக்கு உள்ளதுபோல் முதுகை மூடும் ஓடு இவற்றுக்குக் கிடையாது. இரண்டு விரல்களுக்கிடையே வைத்து அழுத்தியதுபோல் உடல் பக்கவாட்டில் தட்டையாக இருக்கும். கால்களில் சில முன்னோக்கியும் சில பின்னோக்கியும் திரும்பியிருப்பதால் வந்த பெயர் அது. அகழிகளின் அடியில் வாழும் ஆம்பிபாடுகளில் நமக்கு நன்கு தெரிந்தவை பெரும்பாலும் பிணந்தின்னிகள்; மேலிருந்து விழும் மீனோ திமிங்கிலத் துண்டோ கிடைத்தால் மணம்பிடித்து மொய்த்துத் தின்பவை. கமன்ச்சாக்கா அப்படிப்பட்டதன்று. வாய்க்கு அருகே உள்ள முன்கால் இணைகளை வலுவான பற்றுகால்களாக மாற்றிக்கொண்டு, வேகமாக நீந்திச் சென்று, தன்னைவிடச் சிறிய ஆம்பிபாடுகளைப் பிடித்துத் தின்னும் வேட்டையாடி அது. இத்தனை பெரிய, சுறுசுறுப்பான வேட்டையாடும் ஆம்பிபாட் இவ்வளவு கடுமையான ஆழத்திலிருந்து கிடைப்பது இதுவே முதல்முறை என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். வேட்டையாடி ஏன் இரைப்பொறிக்கு வந்தது என்று நான் யோசித்தேன். பிணத்துக்காகக் கூடியவற்றைத் தின்னவே அது வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அதற்கு அங்கே உணவு உண்டு என்பதே வியப்புக்குரிய செய்தி. அகழிக்கு நேர் மேலே, கரையில் இருப்பது உலகத்தின் மிக வறண்ட பாலைவனங்களுள் ஒன்று. ஆனால் அதே கரையை ஒட்டி வடக்கு நோக்கி ஓடும் ஹம்போல்ட் நீரோட்டம், ஆழத்திலுள்ள சத்துகளை மேலே கொண்டுவருவதால், பெருவின் நெத்திலி மீன்வளத்தைத் தாங்கும் அளவுக்குச் செழித்த கடல் அது. அந்தச் செழிப்பின் மிச்சங்களெல்லாம் மழைபோல் அடிக்கு இறங்குகின்றன. அகழியின் சரிந்த சுவர்கள் புனலைப்போல் அவற்றை நடுவே சேர்க்கின்றன. நிலம் காய்ந்து கிடக்க, அதன் காலடியில் கடலின் குழி உண்டு வாழ்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இறாலின் குஞ்சுகள் நீரில் மிதந்து எங்கெங்கோ பரவிவிடும். ஆம்பிபாட் அப்படிப் பரவுவதில்லை. தாய் தன் வயிற்றுப்புறத்துப் பையில் முட்டைகளைச் சுமந்து, தன்னைப்போன்றே உருவமுள்ள குட்டிகளாக வெளியே விடுகிறது. ஆகவே ஓர் அகழியில் பிறந்தது அதற்குள்ளேயே வாழ்ந்து மடிவதுதான் பெரும்பாலும் நடக்கும். பசிபிக்கின் மற்ற அகழிகளோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. கடலடியில் ஒவ்வோர் அகழியும் ஒரு தலைகீழ்த் தீவு என்று வைத்துக்கொள். அந்தத் தீவில் வேறெங்கும் இல்லாத உயிர் இருப்பதில் வியப்பில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். கண்டுபிடித்தார்கள் என்று செய்தித்தாள் எழுதுகிறது. பொறியில் சிக்கியது 2023-இல். அப்போது அது வெறும் நான்கு உடல்கள். அது புதிய சிற்றினமாக ஆனது மேசைமேல். இந்த வேலையை நாங்கள் கற்ற விதத்தைச் சொல்கிறேன், கேள். ஓர் உடலின் ஒரு பக்கத்து உறுப்புகளை மட்டும், மறுபக்கம் முழுதாக இருக்கும்படி, ஊசிமுனையால் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். உணர்கொம்புகள், தாடைகள், தாடையை அடுத்த துணைத்தாடைகள், பற்றுகால்கள், நடைகால்கள், நீச்சல்கால்கள், வால் கால்கள், கடைசியில் வால்நுனித் தகடு என்று எல்லாவற்றையும் தனித்தனிக் கண்ணாடித் துண்டில் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்து வரைய வேண்டும். வரையும்போது ஒரு முள்மயிரைக்கூட விடக்கூடாது. எத்தனை என்று எண்ண வேண்டும், எந்தக் கணுவில் எந்த ஓரத்தில் என்று எழுத வேண்டும். நிழற்படம் இருக்கிறதே, ஏன் வரைகிறீர்கள் என்று மாணவர்கள் கேட்பார்கள். கண்ணில் பட்டதையெல்லாம் படம் காட்டிவிடும். வரைபவனோ இந்த மயிர் இந்த மூட்டிலிருந்துதான் முளைக்கிறது என்று ஒவ்வொரு கோட்டுக்கும் தானே முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவுகளின் தொகுப்பைத்தான் நாங்கள் விவரிப்பு என்கிறோம். கமன்ச்சாக்காவுக்கு உடலமைப்பைப் பார்த்ததோடு மரபணுக்களையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒரே முடிவைக் காட்டியதால், புதிய சிற்றினம் என்பதோடு நில்லாமல், யூசிரிடே குடும்பத்தில் அதற்கென்று ஒரு புதிய பேரினத்தையே நிறுவினார்கள்.

நல்ல விவரிப்பில் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று சுருக்கமானது: உறவினங்களிலிருந்து இதைப் பிரித்துக்காட்டும் அடையாளங்கள். மற்றது நீண்டது: இன்றைக்குத் தேவைப்படாதவை உட்பட எல்லா உறுப்புகளின் விவரமும். இந்த இரண்டாவது பகுதியைச் சலிப்பூட்டுவது என்று பலர் தாண்டிப்போவார்கள். அதில்தான் எங்கள் தொழிலின் நேர்மை இருக்கிறது என்று நான் நம்புகிறேன். யூரிதீனஸ் கிரில்லஸ் என்ற ஆழ்கடல் ஆம்பிபாடை எடுத்துக்கொள். அதற்கு 1822-இல் பெயரிட்டார்கள். அதற்குப் பின் எந்தப் பெருங்கடலின் ஆழத்திலிருந்து ஒத்த உருவமுள்ளது மேலே வந்தாலும் அதற்கும் அந்தப் பெயரையே இட்டு, உலகம் முழுதும் பரவிய ஒரே இனம் என்று நெடுங்காலம் எண்ணிவந்தார்கள். 2013-இல் மரபணு ஆய்வு வந்தபோதுதான் அந்த ஒரே பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருப்பது தெரிந்தது. பிரித்துக்காட்டும் நுணுக்கங்கள் உடலில் இல்லாமல் இல்லை. அவற்றைப் பார்த்து எழுதிவைக்க யாரும் இல்லை. தெரிந்த பின் நுணுகி வரைந்து, 2015-இல் மூன்றுக்குப் புதிதாகப் பெயர் வைத்தார்கள். அவற்றுள் ஒன்றின் பெயரைக் கேட்டால் நீ எழுந்து உட்காருவாய்: அந்தகாரே. நாம் அந்தகாரம் என்று எழுதுகிறோமே, அதே வடசொல்தான்.

அட்டகாமா அகழியில் கிடைத்த உயிரின் பெயரும் இருளே. கமன்ச்சாக்கா என்றால் ஆண்டீஸ் மலைப்பகுதி மக்களின் மொழிகளில் இருள் என்று பொருள் என ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். அந்தக் கரையில் கடலிலிருந்து எழுந்து பாலைவனத்தின்மேல் படியும் அடர்ந்த மூடுபனிக்கும் அதே பெயர். மழையில்லாத அந்த ஊர்களில் வலை கட்டி அந்தப் பனியிலிருந்து நீர் எடுத்திருக்கிறார்கள். கரையில் வாழ்பவருக்கு நீர் தந்த சொல், அந்தக் கரைக்கு அடியில் ஒருவரும் காணாமல் வாழ்ந்த உயிருக்குப் பெயராயிற்று. உனக்காக இலக்கணக் குறிப்பு ஒன்று: எங்கள் விதிப்படி, சிற்றினப் பெயர் பெயரெச்சம்போல் அடையாக வந்தால் பேரினப் பெயரின் பாலுக்கேற்ப அதன் ஈறு மாற வேண்டும், தனிப் பெயர்ச்சொல்லாகவே வந்தால் மாற வேண்டியதில்லை. கமன்ச்சாக்கா ஈறு திரியாமல் தன் மக்கள் சொல்லியபடியே நிற்கிறது.

மரியானா அகழியில் கிடைத்த யூரிதீனஸ் பிளாஸ்டிகஸ் பற்றியும் கேட்டிருந்தாய். அதை எழுதியவர்களிலும் வெஸ்டன் முதன்மையானவர். 2014-இல் 6,010 மீட்டருக்கும் 6,949 மீட்டருக்கும் இடையே பிடிபட்டது, 2020-இல் பெயர் பெற்றது. தண்ணீர் பாட்டில் செய்யும் பாலிஎத்திலீன் டெரிப்தாலேட்டை ஒத்த ஓர் இழை, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது, இளம் உயிரி ஒன்றின் குடலில் இருந்தது. அந்தப் பெயரை நான் ஏற்கிறேன், ஆனால் அதை உச்சரிக்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. நாம் அந்த உயிரைக் காணும் முன்பே நம் குப்பை அதைச் சென்று சேர்ந்துவிட்டது.

ஏன் இதையெல்லாம் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். 1981-இல் முதுகலை ஆய்வேட்டுக்காக நான் பாசிகளிலிருந்து எடுத்த ஆம்பிபாடுகளில், எந்த நூலின் அடையாளத்துக்கும் பொருந்தாத ஒன்று இருந்ததை விடுதி அறையில் உன்னிடம் காட்டினேன். ஒரே ஒரு பெண் உயிரி, பையில் முட்டைகளோடு. இரண்டாவது ஒன்று கிடைக்கட்டும், அப்புறம் வரையலாம் என்று தள்ளிப்போட்டேன். வேலைக்குச் சேர்ந்தேன், ஆய்வகத்தை வேறு கட்டிடத்துக்கு மாற்றினார்கள், ஆறு ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தபோது குப்பியில் சாராயம் ஆவியாகிப் பழுப்பு நிறத் தூள்தான் மிஞ்சியிருந்தது. அது புதிய இனமா இல்லையா என்பதைக்கூட இப்போது என்னால் சொல்ல முடியாது. அது இன்றும் அந்தப் பாசிகளில் வாழ்ந்துகொண்டிருக்கலாம். ஆனால் அடுத்து அதை எடுப்பவன் ஒப்பிட்டுப் பார்க்க நான் ஒரு கோடுகூட விட்டுவைக்கவில்லை.

பெயரால் யாருக்கு என்ன ஆகிறது என்றாயே. உன் அகராதியில் ஒரு சொல்லுக்கு, எந்த ஊரில், எந்த மீனவர் வாயில் கேட்டாய் என்று ஒரு சான்றை வைக்காமல் நீ மேலே போவதில்லை. நாங்களும் ஓர் உடலைச் சான்றாக வைக்கிறோம். அதற்கு மூலமாதிரி என்று பெயர். பெயர் அந்த ஓர் உடலோடு கட்டப்பட்டிருக்கிறது. விவரிப்பில் பிழை இருந்தாலும், நூறு ஆண்டு கழித்து எவரும் அருங்காட்சியகத்தில் அந்த உடலை எடுத்துப் பார்த்துத் திருத்தலாம். அட்டகாமா அகழியில் நாளை என்ன குறைந்தது, என்ன கூடியது என்று சொல்ல வேண்டுமானால், அங்கே இன்று என்ன இருந்தது என்று யாரேனும் எழுதிவைத்திருக்க வேண்டும். கமன்ச்சாக்காவின் விவரிப்பை எழுதியவர்கள் நான்கு உடல்களை வைத்துக்கொண்டு ஐந்தாவது வரட்டும் என்று காத்திருக்கவில்லை.

நேற்று நுண்ணோக்கியில் நான் பார்த்தது பக்கத்துக் கடற்கரையிலிருந்து பேத்தி ஒரு சீசாவில் கொண்டுவந்த சாதாரண மணல்துள்ளியைத்தான். முதல் பற்றுகாலை வரைந்து முடித்தேன். கை சற்று நடுங்குகிறது, கோடு நடுங்கவில்லை. படத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். உன்னிடம் ஒன்று கேட்கிறேன்: வெயில் இறங்காத அடிநீரின் இருட்டுக்கு உன் மீனவர்களிடம் தனிச்சொல் இருக்கிறதா? இருந்தால், யார் சொன்னார், எந்த ஊரில் என்பதோடு எழுதி அனுப்பு.

என்றும் உன்,
பழைய அறைத்தோழன்