காக்கா ஆழிக்கு என்ன சான்று?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓய்வு நேரத்தில் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு எழுதும் கடலியல் விஞ்ஞானியைப் பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரையைப் படித்தேன். திருவொற்றியூர்க்காரர் என்றதும் கூடுதல் சந்தோஷம். சம்பளமில்லாமல் உழைக்கிறார், பெரிய மனசு என்று கட்டுரை முழுக்க ஒரே பாராட்டு. சரி, பாராட்ட வேண்டியவர்தான். ஆனால் தனக்குத் தெரிந்ததை எல்லாம் அவர் அங்கே கொட்டிவிடுகிறார் என்பது போல எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அங்கே இடமே கிடையாது.

நான் எர்ணாவூரில் டியூஷன் எடுக்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விக்கிப்பீடியாவில் எழுத, திருத்த உதவும் 'தொகு' பொத்தானைக் காட்டிக் கொடுத்ததிலிருந்து அவர்கள் சும்மா இருப்பதில்லை. காட்டுக்குப்பத்துப் பையன் ஒருவன் காக்கா ஆழியைப் பற்றி நாலு வரி சேர்த்தான். கொசஸ்தலை ஆற்றின் அடியில் பாய் விரித்த மாதிரி படிந்து கிடக்கும் சிப்பி அது. பூர்வீகம் தென் அமெரிக்கப் பக்கம். கப்பல்களோடு வந்திருக்கும் என்கிறார்கள். அது மூடிய இடத்தில் இறால் சேற்றில் புதைய முடியாது. கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்குப் பிழைப்பில் மண். பையன் எழுதியது அத்தனையும் அவன் அப்பா சொன்னது, சரியானதும்கூட. யாரோ நீக்கிவிட்டார். காரணம், சான்று இல்லை.

"ஆத்துல எறங்கிப் பாக்கச் சொல்லுங்க மிஸ்" என்று அவனுக்கு ஒரே கோபம். நீக்கியவர் மேல் தப்பில்லை. ஏற்கெனவே வெளியான, நம்பத் தகுந்த ஒன்றைக் காட்டித்தான் எழுத வேண்டும், சொந்த ஆய்வு கூடாது என்பது அங்கே அடிப்படை விதி. விஞ்ஞானிக்கும் அதே விதிதான். நேற்று ஆய்வகத்தில் கண்டதை இன்று அவராலும் ஏற்ற முடியாது. இந்த விதி இல்லாவிட்டால் புற்றுநோய்க்கு மஞ்சள் தண்ணீர் போதும் என்கிறவரையும் தடுக்க முடியாது.

அப்புறம் விஞ்ஞானி எதற்கு? எது எங்கே வெளியாகியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். மைட்டெல்லா ஸ்ட்ரைகேட்டா என்று அந்தச் சிப்பியின் அறிவியல் பெயரைப் போட்டுத் தேடினால் வருவதில் எதை நம்பலாம் என்று பிரிக்கத் தெரியும். அந்தக் கட்டுரைகளில் பாதி, காசு கட்டினால்தான் திறக்கும், எல்லாம் ஆங்கிலம். அதைப் படித்துத் தமிழில் இரண்டு வரியாக்கிக் கீழே சான்றைப் போடுகிறாரே, அதுதான் அவர் செய்யும் உதவி. இன்னொன்றும் அவரைப் போன்றவர்களால்தான் முடியும்: மீனவர் சொல்வதைக் கேட்டு, ஆற்றில் அளந்து பார்த்து, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய ஆய்விதழில் வெளியிடுவது. அது நடந்தால் பையனின் நாலு வரி நிற்கும். இந்த உழைப்பையெல்லாம் பதவி உயர்வில் கணக்கில் எடுக்கிறார்களா என்று உங்கள் நிருபர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் ஊர் விஷயங்களுக்குப் பல நேரம் நாளிதழ்தான் சான்று. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி, கரை ஒதுங்கிய எண்ணெயை வாளியால் அள்ளினார்களே, அதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்துக்கு எண்ணெய் வந்ததையும் உங்கள் பத்திரிகை நன்றாகவே எழுதியது. ஆனால் இணையதளத்தை மாற்றிய பிறகு பழைய இணைப்பைத் தட்டினால் முகப்புப் பக்கம்தான் வருகிறது. பழைய செய்திகளைப் பழைய முகவரியிலேயே, தேதியோடு, சந்தா கேட்காமல் திறந்து வைப்பீர்களா? மொத்தமாக முடியாவிட்டால் வடசென்னைச் செய்திகளை மட்டுமாவது முதலில் ஏற்றுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
எர்ணாவூர்.