பைக்கில் ஜிபிஎஸ் மாட்டும் முன்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மழை ஓய்ந்து மலைப் பயணங்கள் தொடங்கும் நேரம் வந்துவிட்டால் எங்கள் கடையில் ஒரே கேள்விதான். "ஏனுங்ண்ணா, வண்டிக்கு ஜிபிஎஸ் ஒண்ணு போடணும், எது நல்லா இருக்கும்?" சனிக்கிழமைக் கூட்டத்தில் இதற்குப் பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. சொல்லாமல் விட்ட மீதியால் பொருளைத் தூக்கிக்கொண்டு திரும்ப வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

உங்களில் பெரும்பாலானவர்களுக்குத் தனி ஜிபிஎஸ் கருவி தேவையில்லை. கோவைக்குள் வேலைக்குப் போய்வந்து, மாதம் ஒரு ஞாயிறு ஆழியாறு வரை ஓட்டுகிறவருக்குக் கையிலிருக்கும் போனே போதும். நாள் கணக்கில் தொடர்ந்து ஓட்டுகிறவர்கள், கொட்டும் மழையிலும் நிறுத்தாமல் போகிறவர்கள், லடாக், வடகிழக்கு என்று கிளம்புகிறவர்கள் ஆகியோருக்குத்தான் தனிக் கருவி அதன் விலைக்கு உழைக்கும். அந்த விலைக்கு ஒரு நல்ல போனே வாங்கலாம் என்பதால்தான் கடைக்காரனாகிய நானே இதை முதலில் சொல்கிறேன்.

டவர் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. போன் அவற்றுக்கு எதையும் அனுப்புவதில்லை. அவை சொல்லும் நேரத்தைக் கேட்டுக்கொள்வதோடு சரி. குறைந்தது நான்கின் குரல் கேட்டால் நாம் நிற்கும் இடம் கிடைத்துவிடும். மூன்று போதாதா என்றால், போனுக்குள் இருக்கும் கடிகாரம் அவ்வளவு துல்லியமானதல்ல. அதன் பிழையைக் கழிக்கத்தான் நான்காவது. இதற்கு சிம் கார்டுகூட வேண்டியதில்லை. நெட் தேவைப்படுவது மேப் படத்துக்கும் டிராபிக் விவரத்துக்கும் மட்டும். ஆகவே கிளம்பும் முந்தைய இரவே வீட்டு வைஃபையில் போகிற பகுதி முழுவதற்கும் ஆஃப்லைன் மேப்பை இறக்கி வையுங்கள். கூகுள் மேப்பில் இது முடியும். ஆனால் நெட் இல்லாதபோது அது டிராபிக்கையும் மாற்று வழியையும் காட்டாது. ஓஎஸ்எம்அண்ட், ஆர்கானிக் மேப்ஸ் என்ற இரண்டு ஆப்களும், தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து இயங்குகின்றன. மாநில அளவில் இறக்கிக்கொள்ளலாம். எஸ்டேட் பாதை, காட்டோரத் தடம் போன்றவை அதில் பல இடங்களில் நன்றாகவே பதிவாகியிருக்கின்றன.

போன் போதும் என்று சொன்னேன்; அதை எப்படி மாட்டுகிறீர்கள் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. சென்ற மாதம் ஒரு தம்பி போனை என்னிடம் நீட்டினார். 350 சிசி வண்டியின் ஹேண்டில்பாரில் சாதாரண கிளாம்பில் மாட்டி ஒரு வருடம் ஓட்டியிருக்கிறார். கேமராவைத் திறந்தால் எதிரிலிருக்கும் அலமாரி தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளிகிறது. காதருகே வைத்தால் உள்ளே சன்னமாக ஒரு கிறுகிறு சத்தம். அடுத்த வாரம் அவர் தங்கைக்குக் கல்யாணம்.

இப்போதைய போன்களில் கை நடுக்கம் படத்தில் தெரியாமலிருக்க லென்ஸை மிக நுட்பமான அமைப்பில் மிதக்க விட்டிருக்கிறார்கள். இன்ஜினின் அதிர்வு மணிக்கணக்கில் ஹேண்டில்பார் வழியாக ஏறும்போது அந்த அமைப்பு மெல்ல மெல்லச் சீர்கெடுகிறது. ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில், அதிக சக்தியுள்ள பைக்குகளில் ஐபோனை நேராக மாட்ட வேண்டாம், சிறிய வண்டியானாலும் அதிர்வு தாங்கும் மவுண்ட் போடுங்கள் என்று எழுத்தில் அறிவித்தது. எந்த போனாக இருந்தாலும் அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர் டேம்பர் உள்ள மவுண்ட் வாங்குங்கள். அதைவிட நல்ல வழி, அலமாரியில் கிடக்கும் பழைய போனுக்கு உயிர் கொடுத்து, ஆஃப்லைன் மேப் ஏற்றி, அதையே வண்டிக்கென்று வைத்துக்கொள்வது. புது போன் ஜாக்கெட்டுக்குள் பத்திரமாக இருக்கும். விழுந்து எழும் நேரத்தில் உதவிக்குக் கூப்பிடவும் அது கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது வெயில். சுற்றுப்புறம் 35 டிகிரி வரை இருந்தால் பயன்படுத்தலாம் என்றுதான் ஐபோனுக்கே வரையறை வைத்திருக்கிறார்கள். நம் ஏப்ரல் மத்தியானத்தில் கரூர் ரோட்டில் முழு வெளிச்சத்தில் திரை எரிய, அதே நேரம் சார்ஜும் ஏற, எந்த போனும் எவ்வளவு நேரம் தாங்கும்? திரை மங்கும், பிறகு அணைந்தே போகும். மழை வேறு விதமாகத் தொல்லை தரும். விரலின் மின் தொடுதலை உணரும் திரையின் மேல் ஒரு துளி வழிந்தாலும் அதை விரல் என்று எடுத்துக்கொள்ளும். கூடலூர் தாண்டி ஒரு தூறலில் என் போன் தானாகவே மேப்பைப் பெரிதாக்கி, சுருக்கி, கடைசியில் நான் கேட்காத ஒரு பெட்ரோல் பங்குக்கு வழி சொல்ல ஆரம்பித்தது. ஓரம் கட்டி, துடைத்து, மறுபடி ஊர் பெயரை அடிக்கும்போது விரலும் ஈரம், திரையும் ஈரம்.

தனிக் கருவிக்குக் கொடுக்கும் காசு இந்த இடத்தில்தான் பலன் தருகிறது. கார்மின் ஜூமோ எக்ஸ்டி போன்றவை கிளவுஸ் விரலுக்கும் மழைக்கும் ஏற்றபடி, உச்சி வெயிலிலும் தெரியும் திரையோடு செய்யப்பட்டவை. அதன் திரை 5.5 அங்குலம், தண்ணீர் காப்பு ஐபிஎக்ஸ்7. இந்த எண்ணைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்: ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே இறங்காது என்பதுதான் அதன் பொருள். வாட்டர் வாஷில் பம்ப் போட்டுப் பீய்ச்சும் அழுத்தத்துக்கு அது உத்தரவாதமல்ல. வண்டியைக் கழுவ விடும் முன் கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டீ குடிக்க நிறுத்தும்போதும் அப்படியே.

வெளிநாட்டிலிருந்து மாமா, மச்சான் வாங்கி வரும் கருவிகளும் நிறைய வருகின்றன. பொருளில் குறை இருக்காது. ஆனால் வட அமெரிக்காவில் விற்கும் கருவியில் அந்த நாட்டு மேப்தான் இருக்கும். இங்கே ஆன் செய்தால் வெற்றுத் தரையில் ஓர் அம்புக்குறி நிற்கும். வாங்கச் சொல்லும் முன் இந்திய மேப் இருக்கிறதா, பிறகு ஏற்ற முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள்.

இப்போது வயரிங். கருவி எது என்பதில் வாடிக்கையாளர்கள் ஒரு மாதம் யோசிக்கிறார்கள், கரண்ட் எங்கிருந்து எடுப்பது என்பதை ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை. எங்களிடம் திரும்பி வரும் புகார்களில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. பேட்டரியில் நேராக இரண்டு வயரைக் கொடுத்து யுஎஸ்பி சார்ஜரை மாட்டிவிட்டால், சாவியை எடுத்த பிறகும் அது கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். வோல்ட் காட்டும் சிவப்பு எண்கள் எரிகிற சார்ஜர் ஒன்று 30 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-அவர் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) குறையும். 100 சிசி வண்டிகளில் 3, 4 ஆம்பியர்-அவர் பேட்டரிதான் இருக்கும். ஐந்தாறு நாள் ஊருக்குப் போய் வந்து செல்ஃபை அழுத்தினால் 'டிக் டிக்' சத்தம் மட்டும் வரும். கிக்கர் இல்லாத வண்டியானால் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

நாங்கள் செய்வது இப்படி: பேட்டரியின் பாசிட்டிவை விட்டுக் கிளம்பும் இடத்திலேயே, ஒரு சாண் நீளத்துக்குள், ஃபியூஸ் வைக்கிறோம். வயர் வழியில் எங்கே உரசி ஷார்ட் ஆனாலும் முதலில் ஃபியூஸ்தான் போக வேண்டும், வயர் எரியக் கூடாது. அடுத்து ஒரு ரிலே, அதாவது கரண்டால் இயங்கும் சுவிட்ச். சாவி போட்டால் மட்டும் வேலை செய்யும் லைனிலிருந்து அதற்குக் கட்டளை. பிறகு டேங்க்கைத் தூக்கி, வயரை ஃபிரேமோடு சேர்த்துக் கட்டி, ஹேண்டில்பாரை இடது கடைசி வரை ஒருமுறை, வலது கடைசி வரை ஒருமுறை திருப்பிப் பார்க்கிறோம். எந்தப் பக்கமும் வயர் விறைக்கக் கூடாது. நிறுத்தி வைத்த வண்டியில் சரியாகத் தெரியும் வயர், கொண்டை ஊசி வளைவில் முழுக்கத் திருப்பும்போதுதான் இழுபடும்; அந்த நேரத்தில் ஸ்டீரிங் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகத்தான் "வயரிங் நானே பார்த்துக்கிறேன்" என்கிறவர்களிடமும் ஒருமுறை காட்டிவிட்டுப் போங்கள் என்று கேட்கிறோம். அதற்குக் காசு வாங்குவதில்லை.

மாட்டியாகிவிட்டது, இனி பயன்படுத்துவது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போய்விடுகிறோம். திரையை இரண்டு நொடி பார்த்தால் 33 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். ஆகவே வழியைக் காதால் கேளுங்கள். ஹெல்மெட்டுக்குள் வைக்கும் புளூடூத் இன்டர்காமில் குரலை மட்டும் வையுங்கள், பாட்டு வேண்டாம். கருவிக்கும் இன்டர்காமுக்கும் சேர்த்துக் காசு பத்தாது என்றால், போனையே வைத்துக்கொண்டு இன்டர்காமை முதலில் வாங்குங்கள். 2020 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தமும், ஓட்டும்போது இத்தகைய கருவியை வழி பார்க்க மட்டுமே, அதுவும் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்கிறது.

செட்டிங்ஸில் போய் 'டோல் தவிர்' என்பது ஆனில் இருக்கிறதா பாருங்கள். நம் தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டுகளில் பைக்குக்குக் கட்டணம் கிடையாது. கார் ஓட்டும்போது போட்டு வைத்த அந்த ஒரு குறி, நல்ல நாலுவழிச் சாலையிலிருந்து உங்களைக் காரணமில்லாமல் இறக்கி ஊர் ஊராகச் சுற்ற வைக்கும். போனில் டூவீலர் முறையைத் தேர்ந்தெடுங்கள். காருக்குச் சரியான வழி நமக்குச் சரியாக இருக்க வேண்டுமென்பதில்லை. பெங்களூரு–மைசூரு அதிவேகச் சாலையின் நடுப்பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக்குகளுக்கு அனுமதி இல்லை. சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். கார் முறையில் இருக்கும் கருவி உங்களை நேராக நடுப்பாதையில் ஏற்றிவிடும்.

மலையில் இன்னும் கவனம் வேண்டும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கூடலூர் சுற்றிப் போவதைவிடக் கல்லட்டி வழி பாதித் தூரம்கூட இல்லை என்பதால் கருவி அதைத்தான் காட்டும். 36 கொண்டை ஊசி வளைவுகள், கடும் சரிவு. விபத்துகளுக்குப் பிறகு வெளியூர் வண்டிகளை அந்த வழியில் கீழே இறங்க விடுவதில்லை. பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். அங்கே ராத்திரி ஒன்பதேகாலுக்குப் போய் நின்றுகொண்டு மேப்பைக் காட்டிப் பயனில்லை. காட்டுக்குள் போகும் எந்தப் பாதையானாலும் முந்தைய ஊர் டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுங்கள். கேட்டதற்காக இதுவரை யாரும் என்னிடம் முகம் சுளித்ததில்லை.

அடிக்கடி வரும் ஒரு புகார்: "மீட்டரில் 80 காட்டுது, ஜிபிஎஸ்ஸில் 75 தான் வருது, கருவி தப்பா?" இல்லை. வண்டியின் மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டிவிடக் கூடாது என்பதற்காகச் சற்றுக் கூட்டியே காட்டும்படி செய்கிறார்கள். நேர் சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது ஜிபிஎஸ் காட்டுவதே உண்மைக்கு நெருக்கமானது.

பொருத்தும் வேலைக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். வார நாள் காலையில் வந்தால் அவசரப்படாமல் செய்து தர முடியும். வரும்போது நீங்கள் வழக்கமாகப் போடும் கிளவுஸையும் ஹெல்மெட்டையும் கொண்டு வாருங்கள். கிளவுஸோடு திரையைத் தொட்டு, ஹெல்மெட்டோடு குரலைக் கேட்டுப் பார்த்த பிறகு பில் போட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்,
கடையிலிருந்து,
கோயம்புத்தூர்