ஸ்டென்ட்டா பைபாஸா: இதய வைத்தியர்மாருக்கும் ஹார்ட் சர்ஜன்மாருக்கும் திருமலையில இருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய டொக்டர்மாருக்கு வணக்கம்.

இனி நெஞ்சைத் திறக்கிற ஒப்பரேஷனே தேவையில்ல, எல்லாம் ரத்தக் குழாய்க்குள்ள விடுற கம்பியாலயே முடிஞ்சிடும் எண்டு இப்ப மூதூர் கிண்ணியாப் பக்கமும் சாதாரணமா கதைக்கிறாங்க. அந்த நம்பிக்கை சும்மா வரல்ல, 1977ல சூரிச்சில டொக்டர் குருன்ட்சிக் பலூனால இதயக் குழாயை விரிச்சார், 2002ல பிரான்ஸில டொக்டர் கிரிபியே நெஞ்சைத் திறக்காமலே வால்வு வச்சார். ஹார்ட் அட்டாக் வந்து துடிக்கிற ஆளுக்கு கெதியா ஸ்டென்ட், அதாவது அடைப்பை விரிச்சு வைக்கிற சின்ன வலைக்குழாய், வைக்கிறதுதான் சரி, அதில எனக்கு ஒரு கேள்வியும் இல்ல.

நான் கேக்கிறது, சீனி வருத்தமும் இருந்து ரெண்டு மூண்டு குழாயில அடைப்பும் இருந்து அவசரமில்லாம அஞ்சியோகிராமுக்கு (இதயக் குழாய் அடைப்பைப் படம் எடுத்துப் பாக்கிற சோதனைக்கு) வாற ஆக்களுக்காக. 2012ல வந்த ஃப்ரீடம் ஆய்வு இப்படியான 1900 பேரிலதான் ஸ்டென்ட்டையும் பைபாஸையும் (நெஞ்சைத் திறந்து அடைப்பைச் சுத்தி ரத்தத்துக்கு வேற வழி போடுற ஒப்பரேஷனையும்) ஒப்பிட்டுப் பாத்தது. அஞ்சு வருஷத்தில சாவு, ஹார்ட் அட்டாக், பக்கவாதம் எல்லாம் சேத்து ஸ்டென்ட் வச்சவங்களில 26.6 வீதம், பைபாஸ் செஞ்சவங்களில 18.7 வீதம். பக்கவாதம் மட்டும் பைபாஸிலதான் அதிகம், 5.2 வீதம், ஸ்டென்ட்டில 2.4 வீதம், அதையும் சொல்லித்தான் ஆகணும். அதுக்குப் பிறகு ஸ்டென்ட் நல்லா முன்னேறிட்டு, ஆனா சர்ஜனிட்ட ஒரு வார்த்தை கேக்காம முடிவெடுக்கிற அளவுக்கு இல்ல.

எங்கட ஆக்களின்ட நிலைமையும் உங்களுக்குத் தெரியணும். கண்டிக்கோ கொழும்புக்கோ விடியக்காலையில வெளிக்கிட்டு, ஒருநாள் உழைப்பை விட்டுட்டு, கூட ஒராளையும் கூட்டிக்கொண்டு வாறவங்க. மேசையில படுத்திருக்கேக்க "இப்பவே வச்சிடுவமா" எண்டு கேட்டா, திரும்பி வர ஏலாத பயத்திலயே ஓம் எண்டுதான் சொல்லுவாங்க. அதை சம்மதம் எண்டு எடுக்காதீங்கோ. அஞ்சியோகிராம் கம்பியை வெளியில எடுங்கோ, படத்தை சர்ஜனுக்கு அனுப்புங்கோ, ரெண்டு பேரும் பேசி முடிவை குடும்பத்துக்குத் தமிழில விளங்கப்படுத்துங்கோ. அந்தப் படம் இப்ப கம்ப்யூட்டரிலதானே இருக்கு, நோயாளி அலையாம படம் போகலாம்.

சர்ஜன்மாரே, உங்கட துறை முடிஞ்சுது எண்டு யாரும் சொன்னா நம்பாதீங்கோ. சின்ன வயசில வந்த வாதக் காய்ச்சலால இதயத்தின்ட இடப்பக்க மைட்ரல் வால்வு பழுதாகி, இருபது முப்பது வயசில மூச்சு வாங்குற ஆக்கள் இன்னும் எங்களுக்க இருக்கிறாங்க. வயசானவங்களின்ட சுண்ணாம்பு படிஞ்ச வால்வுக்கு எண்டு செஞ்ச, நெஞ்சைத் திறக்காம வால்வு வைக்கிற வைத்தியம் இவங்க எல்லாருக்கும் பொருந்தாது. அதால பயிற்சிக்கு வாற இளம் டொக்டர்மாரைப் பிடிச்சு வையுங்கோ, கிழக்கு மாகாணத்து கிளினிக்குகளுக்கும் முறை போட்டு வாங்கோ. வாற திகதியை முன்கூட்டியே அறிவிச்சா மூதூர், குச்சவெளி ஆக்களும் வந்து சேருவாங்க.

இப்படிக்கு,
திருகோணமலையில இருந்து ஒரு இதய நோயாளியின்ட மகள்