நிலத்துச் செடியைத் தண்ணீர்ச் செடி என்று விற்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மீன்தொட்டி வைத்திருக்கும் நிறையப் பேர் இப்போது பிளாஸ்டிக் செடிகளை எடுத்துவிட்டு உயிர்ச்செடி வைக்க ஆசைப்படுகிறார்கள். ஆனால் ஒரே மாதத்தில் செடி அழுகிப்போய், நமக்கு இது சரிவராது என்று பழைய பிளாஸ்டிக்கையே கழுவி மறுபடி வைத்துவிடுகிறார்கள். நானும் கிட்டத்தட்ட அந்த இடம் வரைக்கும் போய் வந்தவள். அதற்குக் காரணமாக இருந்த ஒரு தவறான பழக்கத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது மூன்றடித் தொட்டி, சுமார் 100 லிட்டர் பிடிக்கும். அதில் ஆறு வருடமாக பிளாஸ்டிக் செடிகள்தான். ஃபைட்டர் மீனின் வால் அந்தக் கூர்முனையில் மாட்டிக் கிழிந்ததைப் பார்த்த அன்றே இனி இது வேண்டாம் என்று முடிவு செய்து கடைக்குப் போனேன். மூன்று செடி கொடுத்தார்கள். ஒன்றில் பச்சை இலையில் வெள்ளைக் கோடு, இன்னொன்று அடியில் ஊதா நிறம் ஓடும் சுருக்கம் விழுந்த இலை, மூன்றாவது கரும்பச்சைப் புல். எல்லாமே தண்ணீருக்குள் வளரும் என்று சொல்லித்தான் விற்றார்கள். மூன்றே வாரத்தில் தண்டு கொழகொழவென்று ஆகி, தண்ணீர் கலங்கி நாற்றமெடுத்து, இரண்டு மீன் செத்துப்போனது. லைட் போதவில்லையோ, உரம் போட்டிருக்க வேண்டுமோ என்று நான் என்மேலேயே பழி போட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டது என்னவென்றால், கோடு போட்டது டிரசீனா, வரவேற்பறையில் வைக்கிறோமே லக்கி பாம்பூ, அதன் வகை. சுருக்க இலை ஹெமிகிராஃபிஸ். புல் என்று நினைத்தது மாண்டோ கிராஸ். மூன்றும் நிலத்துச் செடிகள்! லக்கி பாம்பூ மாதிரிச் செடிக்கு வேர் தண்ணீரில் இருந்தால் பரவாயில்லை, ஆனால் இலை காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துப் பழகியது, முழுதாக மூழ்கடித்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். செத்த செடி அழுகினால் அம்மோனியா ஏறும், அதில் மீனும் போகும்.

உண்மையான தண்ணீர்ச் செடி இதற்கு நேர் எதிர். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவையே அது உணவாக எடுத்துக்கொள்ளும். அதற்காக விலை உயர்ந்த செடியைத் தேடிப்போக வேண்டாம். பள்ளியில் புனலைக் கவிழ்த்து ஆக்சிஜன் குமிழி பார்த்தோமே, அந்த ஹைட்ரில்லாவும் பாடப்புத்தகத்தில் படித்த வாலிஸ்நேரியாவும் நம் ஊர்க் குளங்களில் வளர்கிறவைதான். எங்கள் போர் தண்ணீர் சோப்பு நுரைக்காத அளவுக்குக் கடினமானது, அதிலேயே வாலிஸ்நேரியா பக்கத்தில் கொடி விட்டுப் பரவி இன்று தொட்டியின் பின்பக்கத்தை மறைத்து நிற்கிறது. லைட் ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போடுகிறேன், அதற்கு மேல் எரியவிட்டால் பாசிதான் வளர்கிறது.

இன்னொன்றையும் கடைக்காரர்கள் சொல்லி விற்க வேண்டும். கிரிப்டோகோரைன் போன்ற செடிகளைப் பண்ணையில் இலை வெளியே இருக்கும்படி வளர்ப்பார்கள். அதைத் தொட்டிக்குள் வைத்ததும் பழைய இலை கரைந்துபோகும், ஆனால் வேர் சாகாது, சில வாரத்தில் தண்ணீருக்கு ஏற்ற புது இலை வரும். இது தெரியாமல் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டின் தடித்த தண்டையும் மணலில் புதைத்தால் அழுகும், கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டத்தான் வேண்டும். பிளாஸ்டிக் செடிகளையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள், கழிவை மாற்றும் நல்ல பாக்டீரியா அவற்றின் மேலும் படிந்திருக்கும், நான் வாரத்துக்கு இரண்டாகத்தான் எடுத்தேன். கோல்ட்ஃபிஷ் வளர்ப்பவர்கள் மட்டும் யோசித்து வாங்குங்கள், மென்மையான இலை எதையும் அது தின்றுவிடும்.

என் கோரிக்கை பெரியது இல்லை. விற்கிற ஒவ்வொரு செடிக்கும் அதன் பெயரையும், முழுக்கத் தண்ணீருக்குள் வாழுமா இல்லையா என்பதையும் ஒரு அட்டையில் எழுதி வையுங்கள். சென்னை கொளத்தூர் மாதிரி வண்ணமீன் தொழிலுக்கே பெயர்போன இடம் இதைத் தொடங்கினால் மற்ற ஊர்க் கடைகளும் செய்யும். நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் வண்ணமீன் பயிற்சி கொடுக்கும்போது செடிகளுக்கும் ஒரு வகுப்பு ஒதுக்கலாம். வெளிநாட்டுச் செடி என்றால் அதையும் அட்டையில் போட வேண்டும், ஏனென்றால் வெட்டிப்போட்ட துண்டு ஏரிக்குப் போனால் அங்கேயே வளர்ந்துவிடும். 2020-ல் கோழிக்கோடு பக்கம் ஆவளைப்பாண்டியில் நீரோடை முழுக்க இளஞ்சிவப்புப் பூவாக இருந்ததைப் பார்க்கக் கூட்டம் போனது, அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த கபோம்பா என்ற மீன்தொட்டிச் செடி. நான் வெட்டும் துண்டுகளை மாடியில் காயவைத்துப் பூந்தொட்டிகளில் போட்டுவிடுகிறேன்.

முடிந்தால் டிரசீனா, ஹெமிகிராஃபிஸ், மாண்டோ கிராஸ் மூன்றின் படத்தையும் உங்கள் இதழில் பெயரோடு ஒருமுறை வெளியிடுங்கள். வாங்கப் போகிறவர்கள் பார்த்துவைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்பத்தூர், சென்னை