காலாண்டு முடிந்து பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் தேறி வருகிறார்கள். குறுவட்டப் போட்டிகளில் கபடி, கோ-கோ, ஓட்டம் என்று நம் பள்ளிக்குப் பரிசுகள் வந்தன. மாற்றுத்திறன் பிள்ளைகளும் மைதானத்தில் இறங்கி ஆடினார்கள். எல்லோருக்கும் பாராட்டுகள்.

அந்த மைதானத்தைப் பற்றித்தான் உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

பிள்ளை விழுந்து கையோ கணுக்காலோ வீங்கினால், எண்ணெய் போட்டு உருவி விடுகிறோம். அப்புறம் ஆந்திராவின் புத்தூரில் எலும்பு முறிவுக்குப் போடும் நாட்டு வைத்தியக் கட்டு, அதாவது புத்தூர் கட்டு. பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரர்களான நமக்குப் புத்தூர் எட்டும் தூரம்தான். தாத்தா காலத்திலிருந்து நம்பிப் போகும் இடம். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. கட்டு எங்கே போட்டாலும், அதற்கு முன்னால் எக்ஸ்ரே எடுத்து மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வளரும் பிள்ளைகளின் எலும்பு முனையருகே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. எலும்பு நீளுவது அங்கிருந்துதான். பெரியவர்களுக்குச் சுளுக்கோடு போகிற அடி, பிள்ளைகளுக்கு அந்தத் தட்டின் முறிவாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் கை கோணலாக வளரலாம், ஒரு கால் குட்டையாகலாம். வெளியே பார்த்தால் சுளுக்கும் முறிவும் ஒரே வீக்கம்தான்.

அடிபட்ட புதிதில் உருவ வேண்டாம், சூடான ஒத்தடமும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வைத்து, அடிபட்ட இடத்தை உயர்த்தி வையுங்கள். கட்டுப் போட்ட பிறகு விரல் நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். கட்டைத் தளர்த்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 108 ஆம்புலன்ஸ் ஆந்திர எல்லைக்கு இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. வலியை வாயால் சொல்ல இயலாத பிள்ளைகளின் நடையில் சிறு மாற்றம் தெரிந்தாலும் எங்களுக்குச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். "போட்டி முடியட்டும் சார், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வலியோடு பிள்ளையை அனுப்புவது நிற்க வேண்டும். தலையில் அடிபட்டு மயங்கியதை எங்களிடம் மறைத்து மறுநாளே ஆட அனுப்பியதும் நடந்திருக்கிறது. முதல் அடி ஆறுவதற்குள் தலையில் இன்னொன்று விழுந்தால் உயிருக்கே ஆபத்து. இனி தலையில் அடிபட்ட எந்தப் பிள்ளையும் அன்று மறுபடி ஆடக்கூடாது. மருத்துவர் சீட்டு இல்லாமல் மைதானத்துக்கும் திரும்ப முடியாது. மறுநாள் மாவட்டப் போட்டி என்றாலும் இதில் மாற்றமில்லை.

தறியை நிறுத்தினால் அன்றைய கூலி போய்விடும் என்பது எனக்குத் தெரியும். விளையாட்டு ஒதுக்கீட்டில் பிள்ளைக்கு ஒரு வேலை கிடைக்காதா என்ற உங்கள் ஆசையும் தெரியும். அந்த ஆசைக்காகவும்தான் இவ்வளவும் சொல்கிறேன். உங்களால் வர முடியாத நாளில் தகவல் மட்டும் கொடுங்கள். உடற்கல்வி ஆசிரியரோ நானோ பிள்ளையோடு திருத்தணி அரசு மருத்துவமனைக்குப் போய் வருகிறோம்.

மைதானத்துக்கு ஐஸ் பெட்டி வாங்கித் தந்த பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும், மருத்துவர் சீட்டோடு நேரில் வந்து விவரம் சொன்ன பெற்றோர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்