முப்பதுகளின் முதல் பேஸ்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ராமநாதன் அவர்களுக்கு,

வணக்கம். கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் படிக்கவும் எழுதவும் முடிகிறது என்று தங்கள் கடிதத்தில் கண்டதும் இங்கே அனைவருக்கும் நிம்மதி. பார்வை தெளிந்ததும் முதல் வேலையாக, அமெரிக்க பேஸ்பாலில் 1930-களில் முதல் பேஸ் என்னும் தளத்தைக் காத்த ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்தி எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். ஜிம்மி ஃபாக்ஸ், லூ கெரிக், பில் டெரி, ஹாங்க் கிரீன்பெர்க், ஜானி மைஸ் என்ற அந்த ஐந்து பெயர்களும் இருக்க வேண்டியவைதான். ஆனால் வரிசையோடு என்னால் உடன்பட முடியவில்லை. இருந்தே ஆக வேண்டிய ஒரு பெயர் விடுபட்டும் போயிருக்கிறது.

ஃபாக்ஸை முதலிடத்தில் வைக்கத் தாங்கள் சொல்லும் காரணங்கள் எளிதில் தள்ளக்கூடியவை அல்ல. 1932-இல் 58 ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு அப்பால் அடித்து ஓட்டம் எடுப்பது). அடுத்த ஆண்டு 0.356 அடிச் சராசரி, 48 ஹோம் ரன், 163 ஆர்பிஐ (தம் அடியால் அணிக்குக் கிடைத்த ஓட்டங்கள்) என்று மூன்றிலும் லீக்கில் முதலாக வந்து டிரிபிள் கிரவுன். பாஸ்டனுக்குப் போன பிறகு 1938-இல் 50 ஹோம் ரன், 175 ஆர்பிஐ. லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருதுகள் மூன்று. கெரிக்குக்கு இரண்டு விருதுகள்தான் என்று அழுத்திச் சொல்கிறீர்கள். அந்தக் கணக்கைத்தான் நான் ஏற்கவில்லை. உயர்மட்டப் போட்டியான மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் அன்று இருந்த விதிப்படி, ஒருமுறை விருது பெற்றவருக்கு மறுமுறை கொடுக்க மாட்டார்கள். ஆகவே 1927-இல் வென்ற கெரிக் 1928-இல் போட்டியிலேயே இல்லை. அடுத்த இரண்டு ஆண்டுகள் லீக் அந்த விருதை வழங்கவே இல்லை. அவற்றுள் ஒன்றான 1930-இல்தான் அவர் 0.379 சராசரியுடன் 41 ஹோம் ரன்கள் அடித்தார். 1934-இல் டிரிபிள் கிரவுனே வென்றும், விருது டெட்ராய்ட்டின் கேட்சர் மிக்கி காக்ரேனுக்குப் போயிற்று. கெரிக் ஐந்தாவதாக வந்தார். இப்படி வழங்கப்பட்ட விருதை எண்ணி இருவரையும் எடைபோடுவது நியாயமாகாது.

மொத்த ஹோம் ரன்னில் ஃபாக்ஸ் 534, கெரிக் 493. ஆனால் சராசரியில் கெரிக் 0.340, ஃபாக்ஸ் 0.325, பேஸை அடையும் விகிதத்திலும் அடியின் வலிமையைக் காட்டும் ஸ்லக்கிங்கிலும் கெரிக்கே முன்னால் நிற்கிறார். கெரிக்குடைய அணியின் யாங்கி மைதானத்தில் வலது எல்லை 300 அடிக்கும் குறைவு என்பதால், வலப்பக்கமாக அடிக்கும் இடதுகை ஆட்டக்காரரான அவருக்கு அது வாய்ப்பாக இருந்தது என்கிறீர்கள். அப்படியானால் வெளியூர்களில் அவருடைய ஹோம் ரன்கள் வெகுவாகக் குறைந்திருக்க வேண்டும். இரண்டு இடங்களிலும் அவை ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருக்கின்றன. 1931-இல் அவர் குவித்த 185 ஆர்பிஐ இன்றும் அந்த லீக்கின் சாதனையாக நிற்கிறது.

தொடர்ச்சியாக 2,130 ஆட்டங்கள் ஆடியதற்காக அவரை உயர்த்துகிறேன் என்று எண்ண வேண்டாம். 1934 ஜூலை 14 அன்று, முதுகுப் பிடிப்பால் நிமிர முடியாத நிலையில், டெட்ராய்ட் ஆட்டத்தில் பெயருக்கு ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) என்று எழுதி, முதல் ஆளாக அடிக்க அவரை இறக்கினார்கள். முதல் பேஸை எட்டும் ஒரே ஒரு சிங்கிள் அடித்துவிட்டு வெளியேறினார். தொடரைக் காப்பாற்ற அப்படிச் செய்தது எனக்கு உவப்பாக இல்லை. அந்தத் தொடர் ஒரு நாள்கூட நீண்டிருக்காவிட்டாலும் என் பட்டியலில் அவர்தான் முதல்வர்.

களத்தடுப்பைத் தாங்கள் தொடவே இல்லை. இடதுகைக்காரருக்குக் கையுறை வலது கையில் இருப்பதால், பேஸில் நிற்கும் ஓட்டக்காரரை மடக்க பிட்சர் எறியும் பந்தை வாங்கிய அதே அசைவில் அவரைத் தொட்டுவிடலாம். பந்து மெதுவாக உருண்டு வந்தால் குனிந்து எடுத்து, உடம்பைத் திருப்பாமலே இரண்டாம் பேஸுக்கு எறியலாம். டெரி இதில் மிகச் சிறந்தவர். வலதுகைக்காரரான கிரீன்பெர்க்குக்கு அந்த வசதி இல்லை. உயரமும் கனமும் கூடிய உடம்பை வைத்துக்கொண்டு, ஓயாத பயிற்சியால் மட்டுமே அவர் நல்ல தடுப்பாளராக ஆனார்.

ஆயினும் டெரியைக் கிரீன்பெர்க்குக்கு மேலே வைக்க என் மனம் ஒப்பவில்லை. 1930-இல் டெரி எடுத்த 0.401 பெரிய சாதனைதான். அதன் பிறகு, அவர் ஆடிய மற்றொரு பிரிவான நேஷனல் லீக்கில் எவரும் 0.400-ஐத் தொடவில்லை. ஆனால் அந்த ஆண்டு அந்த லீக் முழுவதன் சராசரியே 0.303 என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிரீன்பெர்க்கோ 1936-இல் மணிக்கட்டு முறிந்து 12 ஆட்டங்களோடு நின்றார்; 1941 மே மாதம் ராணுவத்துக்குப் போனார்; அந்த டிசம்பர் 5-ஆம் தேதி விடுவிக்கப்பட்டும், இரண்டு நாளில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும் தாமே மறுபடி சேர்ந்து, 1945 ஜூலை 1 அன்றுதான் களத்துக்குத் திரும்பினார். அன்றே ஒரு ஹோம் ரன். அந்தப் பருவத்தின் கடைசி நாளில் செயின்ட் லூயிஸில் மூன்று பேஸிலும் ஆட்கள் நிற்கையில் அவர் அடித்த ஹோம் ரன்னான கிராண்ட் ஸ்லாம்தான் அவருடைய அணியான டெட்ராய்ட்டுக்கு லீக் பட்டத்தைத் தேடித் தந்தது. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து அவரைக் கீழே இறக்குவது, போருக்குப் போனதற்காக அவரைத் தண்டிப்பது போலாகும். மைஸும் போரில் மூன்று பருவங்களை இழந்தவர்தான். ஐந்தாம் இடம் அவருக்குப் பொருந்தும், அவருக்குப் பின் டெரி.

விடுபட்ட பெயர் பக் லெனர்டு. கறுப்பின ஆட்டக்காரர்களுக்கான நீக்ரோ லீக்கைச் சேர்ந்த ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியில் ஜோஷ் கிப்சனுக்குத் துணையாக ஆண்டுக்கணக்கில் முதல் பேஸைக் காத்தவர். அடியிலும் தடுப்பிலும் கெரிக்கோடு ஒப்பிடப்பட்டவர். தோல் நிறத்தைக் காரணமாக்கி மேஜர் லீக் கதவை அடைத்தே வைத்திருந்தது. மேஜர் லீக்கின் வாஷிங்டன் அணி வெளியூர் போன நாட்களில் அதன் கிரிஃபித் மைதானத்தில் கிரேஸ் ஆடினார்கள். வாஷிங்டன் அணியின் உரிமையாளர் கிளார்க் கிரிஃபித், கிப்சனையும் லெனர்டையும் அழைத்து மேஜர் லீக்கில் ஆட விருப்பமா என்று கேட்டிருக்கிறார். கேட்டதோடு சரி. 1947-இல் கறுப்பினத்தவரான ஜாக்கி ராபின்சன் அந்த நிறத் தடையை உடைத்து உள்ளே வந்தபோது அவர் நின்ற இடம் முதல் பேஸ்தான். லெனர்டுக்கு அப்போது 39 வயது. நீக்ரோ லீக் பருவங்கள் குறுகியவை என்பதால் மொத்த எண்ணிக்கையில் அவர் பின்தங்கித்தான் தெரிவார், விகிதங்களைத்தான் பார்க்க வேண்டும். 2024-இல் மேஜர் லீக் அந்தக் கணக்குகளைத் தன் ஏட்டில் சேர்த்துவிட்டது. நாமும் சேர்க்காமல் இருக்கக் கூடாது. கெரிக், ஃபாக்ஸ் இருவருக்கும் அடுத்த இடத்தை அவருக்கே தருகிறேன், கிரீன்பெர்க் நான்காவது.

டெட்ராய்ட்டிலேயே இவ்வளவு காலம் வாழ்ந்தும் கிரீன்பெர்க்கை டெரிக்குக் கீழே வைத்தது ஏன் என்பதை அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுங்கள். மருத்துவர் சொன்ன சொட்டு மருந்தைத் தவறாமல் விட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைத் தெரிவியுங்கள்.

என்றும் அன்புடன்,
சுந்தரம்