மருந்துச் சீட்டில் யார் கையெழுத்து? சரோஜாவுக்கு ஒரு கடிதம்

பெரியகுளம்

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியைச் சிரித்தபடி படித்துக்கொண்டு வந்தவள், மருமகளைப் பற்றி எழுதியிருந்த பத்தியில் நின்றுவிட்டேன். குழந்தை தூங்கினாலும் அவள் தூங்குவதில்லை, காரணம் சொல்லத் தெரியாமல் அழுகிறாள், மனநல மருத்துவரைப் பார்க்க ஆறு வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள், அதுவரை நடுராத்திரியில் கைப்பேசியில் உள்ள ஒரு செயலியிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். "இவ்வளவு பொறுமையாகக் கேட்கிற அந்த இயந்திரமே ஒரு மருந்தையும் எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன? காலமெல்லாம் மருந்து கொடுத்தவள் நீ, நீயே சொல்" என்றும் கேட்டிருக்கிறாய்.

உன் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் அவசரமானது. ஆறு வாரம் காத்திருக்காதே. பிரசவம் பார்த்த மருத்துவரே இதற்கு மருந்து தொடங்கலாம். குடும்ப மருத்துவரும் தொடங்கலாம். தாய்ப்பால் கொடுக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் எண்ணுவது செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்து. பாலில் மிகக் குறைவாகத்தான் கலக்கும். மருந்துக்கு முன் தைராய்டு பரிசோதனை கேள். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்குத் தைராய்டு தடுமாறும். அந்தச் சோர்வும் அழுகையும் மனச்சோர்வு போலவே இருக்கும். நீங்கள் இருக்கும் அமெரிக்காவில் தாய்மார்களுக்கென்றே இரவும் பகலும் இயங்கும் இலவச உதவி எண் ஒன்று 2022 முதல் இருக்கிறது: 1-833-852-6262. இன்றே உன் மகனைக் கூப்பிடச் சொல். அவள் குழந்தையைப் பற்றி விபரீதமாக எதையாவது பேசினாலோ, யாரோ பேசுவது காதில் கேட்கிறது என்றாலோ, தூக்கமே இல்லாமல் சோர்வும் இல்லாமல் பரபரப்பாக இருந்தாலோ எண்ணைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டு பேருக்கு அப்படி வரும். அது ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடியதல்ல.

இனி உன் கேள்வி. நீ இருக்கும் அரிசோனாவைச் சேர்ந்த டேவிட் ஷ்வைகர்ட் என்ற நாடாளுமன்ற உறுப்பினர்தான் 2025 ஜனவரியில் ஒரு மசோதா கொண்டுவந்தார். மாநிலம் அனுமதித்து, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் ஏற்றுக்கொண்டால், செயற்கை நுண்ணறிவையே மருந்து எழுதும் தகுதி உடையவராகக் கருதலாம் என்கிறது அது. மனநோய் மருந்துக்கு வேறு விதி என்று அதில் எதுவும் இல்லை. 2026 தொடக்கத்தில் யூட்டா மாநிலம் இன்னும் ஒரு படி இறங்கி, மருத்துவர் முன்பே எழுதிய நாள்பட்ட நோய் மருந்துகளை ஒரு நிறுவனத்தின் இயந்திரமே புதுப்பித்துக் கொடுக்கச் சோதனை முறையில் அனுமதித்தது. இதற்கு நேர்மாறாக இல்லினாய் மாநிலம், 2025 ஆகஸ்டில், இயந்திரம் மனநலச் சிகிச்சை அளிப்பதையே தடைசெய்து சட்டம் போட்டது. ஒரே நாட்டுக்குள் இத்தனை திசைகள்.

"புதிய மருந்து எழுதுவதுதான் கஷ்டம், பழைய மருந்தைத் தொடர்வதில் என்ன இருக்கிறது?" என்பார்கள். அரசு மருத்துவமனையின் மருந்தகச் சன்னலுக்குப் பின்னால் நின்ற எனக்கு, மனநோய் மருந்தைப் பொறுத்தவரை இதை ஏற்கவே முடியவில்லை. அங்கே ஆபத்து ஒளிந்திருப்பதே அந்தத் தொடர்ச்சியில்தான்.

ஒரு பெண்ணைச் சொல்கிறேன். ஊர் பேர் வேண்டாம். மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிட்டுப் பல வருடங்களாக நன்றாக இருந்தவர். வீடு, தோட்டம், பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் தானே கவனித்தவர். சித்திரை வெயிலில் ஒரு நாள் வழக்கமான மாத மருந்துக்கு வந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்றேன். "நன்றாக இருக்கிறேன் அம்மா" என்றார். பதிவேட்டில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோது விரல்கள் ஆடின. லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு லேசான நடுக்கம் இருக்கத்தான் செய்யும். நூல் அதிர்வது போல் மெல்லியதாக இருக்கும் அது. இது வேறு. மணிக்கட்டோடு சேர்ந்து கை தூக்கிப் போட்டது. பெயரின் முதல் எழுத்தே கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. மறு கையால் சன்னல் விளிம்பைப் பிடித்திருந்தார், பிடிக்காமல் நிற்க முடியவில்லை. விசாரித்தால், இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. அதற்கு முன்னால் முட்டி வலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை. அவருக்கு இதெல்லாம் தனித்தனிச் சங்கதிகள். மனநோய் மருந்தோடு இவற்றுக்கு என்ன சம்பந்தம் என்று அவர் ஏன் நினைக்கப் போகிறார்? உடலில் நீர் வற்றினாலும், அந்த வகை வலி மாத்திரை போட்டாலும் லித்தியம் வெளியேறாமல் இரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை இருந்தால் மருந்து. 1.5-ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும். சீட்டை வைத்துக்கொண்டு மருந்து தராமல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அன்றே உள்நோயாளியாகச் சேர்த்து, சலைன் ஏற்றி, லித்தியத்தை நிறுத்தினார்கள். பிழைத்துக்கொண்டார்.

அதே பெண்ணிடம் ஒரு செயலி கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? நலமா? நலம். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? சாப்பிடுகிறேன். ஒவ்வாமை உண்டா? இல்லை. எல்லாமே உண்மையான பதில்கள். மாத்திரை வீடு தேடி வந்திருக்கும். யூட்டாவின் சோதனை இந்த மாதிரி மருந்தில் போய் நிற்கும் என்று நான் சொல்லவில்லை. நல்ல மருத்துவர் உருவாக்கிய இயந்திரமாக இருந்தால் வயிற்றுப்போக்கு உண்டா, வலி மாத்திரை போட்டீர்களா என்றும் கேட்கக் கற்றிருக்கும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்பதற்குக் கிடைக்கிற பதில் மட்டும்தான் அதன் உலகம். மனநோயில் நோயாளி தன்னைப் பற்றிச் சொல்வது பாதி. நடை, கண், உடுத்தியிருக்கும் விதம், பேச்சின் வேகம், கூட வந்தவர் முகம் மீதிப் பாதி.

கூட வந்தவர் என்றதும் ஒரு பையனின் அக்கா ஞாபகத்துக்கு வருகிறார். மனச்சோர்வு என்று மருந்து தொடங்கிய சில வாரத்தில் அந்தப் பையன் 'முழுக்கக் குணமாகிவிட்டது' என்று மலர்ந்த முகத்தோடு வந்து நின்றான். மருத்துவர் அறையில் எல்லாம் நல்லபடியாகவே சொன்னான். வெளியே வரிசையில் நின்ற அக்காதான் என்னிடம் மெதுவாக, தம்பி மூன்று நாளாகத் தூங்கவில்லை, தெரியாதவர்களுக்கெல்லாம் பணம் கொடுக்கிறான் என்றார். அவனுக்கு இருந்தது, சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு. மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் அது அவர்களைச் சோர்விலிருந்து தூக்கி மறுமுனைக்கு எறிந்துவிடக்கூடும். கேள்விப் பட்டியலின் மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் அந்தப் பையனுக்கு நூற்றுக்கு நூறு. மருந்து வேலை செய்கிறது, தொடரலாம் என்றுதான் எந்தக் கணக்கும் சொல்லும்.

இதை உன் மருமகளுக்காகவே எழுதுகிறேன். மனச்சோர்வு இருக்கிறதா என்று அறியப் பிள்ளை பெற்றவர்களிடம் கொடுக்கும் எடின்பரோ கேள்விப் பட்டியலில் பத்துக் கேள்விகள். 1987 முதல் இருக்கிறது, நல்ல கருவி, நானும் மதிக்கிறேன். அதன் கடைசிக் கேள்வி, தனக்கே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அயல்நாட்டில் இருக்கும் ஒரு புதுத் தாய், உண்மையைச் சொன்னால் குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து 'ஒருபோதும் இல்லை' என்று தொட்டுவிடலாம். அந்தத் தயக்கத்தைப் பார்க்க எதிரே ஒரு ஆள் வேண்டும். அவளுக்கு இருப்பது மனச்சோர்வா, பிரசவத்துக்குப் பிறகு முதன்முதலாகத் தலைகாட்டும் இருமுனைக் கோளாறா என்று பிரித்தறிய, அவள் அம்மாவிடமும் உன் மகனிடமும் பேச வேண்டும். மருந்து தொடங்கிய முதல் சில வாரங்கள் கவனமாகப் பார்க்க வேண்டியவை. 18 முதல் 24 வயதுள்ளவர்களுக்குத் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்ற எச்சரிக்கையை மருந்துடனேயே அச்சிட வேண்டும் என்று உங்கள் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2007-இல் உத்தரவிட்டது காரணமில்லாமல் அல்ல.

"மருத்துவர் மட்டும் என்ன, ஐந்து நிமிடத்தில் எழுதித் தள்ளுகிறார்" என்று நீ சொல்வாய். சொல், அதில் நியாயம் இருக்கிறது. நம் நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. 2015-16-இல் பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், நோய்க்கு நோய் வேறுபட்டாலும், சிகிச்சை கிடைக்காதவர்கள் 70 சதவீதத்துக்குக் குறையவில்லை. இந்தப் பசியை நான் கண்ணால் பார்த்தவள். விடியற்காலையில் மலைக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்து, டோக்கன் முடிந்துவிட்டது என்று கேட்டுத் திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர்.

ஆனால் சரோஜா, மருத்துவர் பார்க்காமலே மருந்து தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு இயந்திரம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் ஊரில் அது நெடுங்காலமாக நடக்கிறது. மடித்து மடித்துக் கிழிந்துபோன பழைய சீட்டைக் காட்டி, சில சமயம் காலி மாத்திரை அட்டையை மட்டும் காட்டி, 'அதே தூக்க மாத்திரை' என்று வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்புகூட வரும் என்ற நிலைக்கு வந்த பிறகுதான் வார்டுக்கு வருவார்கள். மருத்துவரிடம் போகும் சிரமத்தைக் கடைக்காரர் குறைத்தார், அவ்வளவுதான். அந்தச் சிரமத்தைக் குறைத்ததையே சேவை என்று விற்கக் கூடாது என்பதுதான் என் கோபம்.

பற்றாக்குறைக்கு வழி இல்லாமல் இல்லை. 1980-களில் கர்நாடகத்தின் பெல்லாரியில் நிம்ஹான்ஸ் ஒரு காரியம் செய்தது. ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் ஊழியர்களுக்கும் மனநோயைக் கண்டறியவும் அடிப்படை மருந்துகளைக் கொடுக்கவும் பயிற்சி கொடுத்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1996-இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம். உங்கள் பக்கம் மாசசூசெட்ஸில் 2014 முதல் இன்னொரு ஏற்பாடு: தாய்மார்களைப் பார்க்கும் சாதாரண மருத்துவர், சந்தேகம் வந்தால் தொலைபேசியில் மனநல மருத்துவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். நிபுணர் பின்னால் நிற்கிறார், நோயாளியைத் தெரிந்த மருத்துவர் முன்னால் நிற்கிறார். இப்படிப்பட்டவற்றுக்குப் பணம் ஒதுக்காமல், மருந்து எழுதுகிற அதிகாரத்தை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டால், ஏழைகளுக்கும் கிராமத்தாருக்கும் அதுதான் மருத்துவர் என்று ஆகிவிடும். வசதி உள்ளவர்கள் அப்போதும் மனிதரைத்தான் போய்ப் பார்ப்பார்கள்.

இயந்திரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லித்தியம் சாப்பிடுகிறவருக்கு இரத்தப் பரிசோதனை நாள் தப்பினால் நினைவூட்டட்டும். ஒரு மருந்தோடு இன்னொன்று ஒத்துப்போகாது என்று மருத்துவரிடம் சொல்லட்டும். அதில் அது எங்களைவிடக் கெட்டி. இரவில் விழித்திருக்கும் உன் மருமகளுக்குப் பேச்சுத் துணையாகக்கூட இருக்கட்டும், ஆனால் அதையும் கண்ணை மூடி நம்பிவிடாதே. உணவுக் கோளாறு உள்ளவர்களுக்கென்று அமெரிக்கச் சங்கம் ஒன்று வைத்திருந்த உரையாடல் இயந்திரம், அவர்களுக்கே உடல் எடையைக் குறைக்க யோசனை சொல்லி, 2023-இல் அதை நிறுத்த வேண்டியதாயிற்று.

நம் அரசு இதில் தெளிவாக இருந்தது. நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், 2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலில், செயற்கை நுண்ணறிவுத் தளங்கள் நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது, பதிவுபெற்ற மருத்துவருக்கு உதவலாம் என்று எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு அவசரமான நாட்களிலும் அந்தக் கோட்டைப் போட்டார்கள். அது அழிந்துவிடக் கூடாது என்பதே என் கவலை. அங்கே ஒன்று வந்தால் இங்கே வர எத்தனை நாள் ஆகும்?

ஓய்வுக்குப் பிறகு அக்கா மகனின் மெடிக்கலில் மாலையில் உட்காருகிறேன் என்று சொன்னேன் அல்லவா? பதற்றத்துக்குக் கொடுக்கும் அல்பிரசோலம் போன்ற மருந்துகளைக் கொடுத்தால் எச்1 பதிவேட்டில் எழுதியாக வேண்டும். நோயாளியின் பெயர், மருந்து, அளவு, எழுதிக் கொடுத்த மருத்துவரின் பெயரும் முகவரியும். மூன்று வருடம் அந்தப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும். மருந்தால் ஒருவருக்கு ஏதாவது நேர்ந்தால் விசாரிக்க வருகிறவர் முதலில் பார்ப்பது அந்த மருத்துவர் பெயர் உள்ள கட்டத்தைத்தான். அங்கே ஒரு மென்பொருளின் பெயரை எழுதினால் யார் வந்து பதில் சொல்வார்கள்? 'நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டுதானே பயன்படுத்தினீர்கள்' என்று நிறுவனம் கேட்கும். 'நான் பார்க்கவே இல்லை' என்பார் மருத்துவர். கடைசியில் குற்றம் அந்தப் பெண்ணின் தலையிலோ, அவளைக் கவனிக்கவில்லை என்று வீட்டார் தலையிலோதான் விழும்.

சரி, மற்றச் செய்திகள். அக்காவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இந்த வருடம் மாங்காய் காய்ப்பு குறைவு, உனக்கு ஊறுகாய் மட்டும் எப்படியோ போட்டு வைத்திருக்கிறேன். ஜனவரியில் வரும்போது எடுத்துக்கொள்.

மருத்துவரிடம் போகும்போது மருமகள் ஏற்கெனவே சாப்பிடுகிற எல்லாவற்றையும், இரும்புச்சத்து மாத்திரை முதல் நீ கொடுக்கும் பிரசவ லேகியம் வரை, ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. அவள் வீட்டில் யாருக்காவது இருமுனைக் கோளாறு இருந்ததா என்று அவள் அம்மாவிடம் தனியாகக் கேட்டு அதையும் சொல். மருந்து தொடங்கினால் அதன் பெயரையும் அளவையும் எந்த நேரத்தில் சாப்பிடுகிறாள் என்பதையும் எனக்கு எழுது. இரவில் ஒரு வேளை பாலை நீ புட்டியில் கொடுத்துவிட்டு அவளைத் தொடர்ச்சியாக ஐந்து மணி நேரமாவது தூங்க விடு.

உன்,
வசந்தா